துப்பாக்கி பிடித்த கைகளில் கேமரா!



எங்கள் அச்சன்புதூரில் 'மிலிட்டரி தாத்தா' என்று சொன்னால் "எந்த மிலிட்டரி தாத்தா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஏனென்றால் இரண்டு பேர் உண்டு. இருவருக்கும் கேமரா பைத்தியம். சாரல் தொடங்கிவிட்டால் போதும், ஒருவர் குற்றாலம் மெயின் அருவியைப் படம் பிடித்து வருவார். மறுநாளே மற்றவர் ஐந்தருவிக்கு பஸ் ஏறிவிடுவார். பிறகு டீக்கடையில் படங்களைப் பரப்பி வைத்து, "என்ன வேய், அருவி எங்க? புகை மாதிரில்லா இருக்கு!" என்று ஒரே கிண்டல்தான்.

இதைப் பார்த்து நான் சிரித்ததுண்டு. ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்களின் மிகப் பழைய புகைப்படங்கள் பல, இப்படி கேமரா மோகம் கொண்ட பட்டாளத்துக்காரர்களால் கிடைத்தவை என்று படித்தபோது வியந்து போனேன்.

முதலாமவர் லின்னேயஸ் ட்ரைப் (1822–1902). கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது புகைப்படக்கலை அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து 1854-ல் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். அப்படங்கள் 1855 சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்றன. அடுத்த ஆண்டே சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்றும் தோன்றியது. படை அதிகாரிகளும் மருத்துவர்களும் தங்கள் படங்களை அருகருகே வைத்துப் பார்க்க ஓர் இடம் கிடைத்தது.

1856-ல் ட்ரைப் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். அவர் பயன்படுத்தியது மெழுகு பூசிய காகித நெகட்டிவ். ஒரு படத்துக்குப் பல நிமிடம் ஆகும். நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள்! அதனால்தான் அவருடைய கோயில்கள் வெறிச்சோடித் தெரிகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் அச்சில் கொண்டு வரத் தொடங்கியது 1891-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஆனால் 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இது வீண் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். அதன் பிறகு ட்ரைப் கேமராவைத் தொட்டதே அபூர்வம்.

இரண்டாமவர் எட்மண்ட் டேவிட் லயன். ராணுவத்தில் கேப்டனாக இருந்து விலகியவர். 1860களில் ஊட்டியில் ஸ்டூடியோ வைத்தார். 1867–68-ல் அதே சென்னை அரசு அவரை அனுப்ப, ட்ரைப் நின்ற மதுரையிலும் திருவரங்கத்திலும் இவரும் முக்காலியை ஊன்றினார். இவருடையது கண்ணாடித் தகடு. ரசாயனம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவியாக வேண்டும். வேலை அதிகம், ஆனால் படம் காகித நெகட்டிவை விடத் துல்லியம்.

யார் படம் சிறந்தது? இது தேவையற்ற கேள்வி என்பேன். ஒரே கோயிலுக்குப் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு சாட்சிகள் கிடைத்தன. இடிந்தது எது, புதிதாகக் கட்டியது எது என்று ஒப்பிட ஒரு படம் போதாதே! இன்னொன்றும் உண்டு. ட்ரைப்பின் தொகுதிகளிலும் சரி, 1870-ல் வெளிவந்த லயனின் குறிப்பு நூலிலும் சரி, எது எந்த இடம் என்ற விவரம் அச்சாகி இருந்தது. அந்த விவரம் இருப்பதால்தான் அவை இன்று வரலாறு. இல்லையென்றால் வெறும் அழகிய படங்கள்.

எங்கள் தாத்தாக்களின் படங்களுக்குப் பின்னால் ஒரு வரி கூட இல்லை. எந்த ஆண்டு வெள்ளம், எந்த ஆண்டு வறட்சி என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. போன வாரம் ஒரு பேனாவோடு போய் இருவரையும் உட்கார வைத்தேன். "இது எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டதுதான் தாமதம், அதற்கும் போட்டி ஆரம்பமாகிவிட்டது! இதுவரை பன்னிரண்டு படங்களுக்கு ஆண்டு எழுதியாயிற்று.

உங்கள் வீட்டு ஆல்பத்தையும் இன்றே எடுத்துப் பாருங்கள் நண்பர்களே. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.