சோனி மாற்ற மறந்த எண்

நிண்டெண்டோ வீ என்ற கேம் பெட்டியின் மதர்போர்டில் இடுக்கி முனையை வைத்து ரகசியச் சாவிகளை வெளியே எடுத்த ஹேக்கர் கூட்டம் ஒன்று உண்டு. அதே கூட்டத்தைச் சேர்ந்த சிலர் 2010 டிசம்பர் 29 அன்று பெர்லினில் மேடையேறினார்கள். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் வருடந்தோறும் கூட்டும் மாநாடு அது. இப்போது குழுவின் பெயர் ஃபெயில்ஓவர்ஃப்ளோ. எடுத்துக்கொண்ட பெட்டி, அசைக்க முடியாதது என்று பல வருடம் பெயர் வாங்கியிருந்த பிளேஸ்டேஷன் 3.

அன்று அவர்கள் ஒரு கணக்கையும் ஒரு குற்றச்சாட்டையும் முன்வைத்தார்கள். உலகம் கணக்கைப் பற்றித்தான் பேசியது. எனக்குக் குற்றச்சாட்டுதான் பெரிதாகப் படுகிறது. அது புரிய நான்கு வருடம் பின்னால் போகவேண்டும்.

2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 கடைக்கு வந்தபோது அமெரிக்காவில் உயர்ரகப் பெட்டியின் விலை 599 டாலர். ஐபிஎம், தோஷிபா நிறுவனங்களோடு சேர்ந்து சோனி உருவாக்கிய ‘செல்’ என்ற பிராசஸர் அதற்குள் இருந்தது. மற்ற கேம் பெட்டிகளில் இல்லாத ஒரு வசதியையும் சோனி கொடுத்திருந்தது. செட்டிங்ஸ் மெனுவுக்குள் போய் ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் லினக்ஸ் நிறுவிக்கொள்ளலாம். அதர்ஓஎஸ் என்று அதற்குப் பெயர். கிராபிக்ஸ் சிப்பை மட்டும் தொடவிடாமல் ஹைப்பர்வைசர் என்ற காவல் மென்பொருள் தடுக்கும். மற்றபடி அது ஒரு முழுக் கம்ப்யூட்டர். சொந்தமாக எழுதிய புரோகிராமை ஓட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இதை எப்படியெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மவுத் வளாகத்தில் கௌரவ் கன்னா என்ற இயற்பியல் பேராசிரியர் எட்டுப் பெட்டிகளை இணைத்து, கருந்துளைகள் எழுப்பும் ஈர்ப்பு அலைகளைக் கணக்கிட்டார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 200-க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஓடவிட்டு, எம்டி5 என்ற சரிபார்ப்பு முறையை இனி நம்ப முடியாது என்று ஆராய்ச்சியாளர்கள் நிரூபித்தார்கள். அந்த முடிவு வெளியானதும் இதே பெர்லின் மாநாட்டில்தான், 2008இல். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,700-க்கும் அதிகமான பெட்டிகளை அடுக்கி ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது.

சோனிக்கு இதில் லாபம் இல்லை. ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு பெட்டியையும் அடக்கவிலைக்குக் கீழேதான் விற்றது. கேம் விற்பனையில் வரும் பங்கில்தான் அதை ஈடுகட்ட வேண்டும். கேமே வாங்காமல் கருந்துளையைக் கணக்கிடுகிறவர்களால் கம்பெனிக்கு என்ன வருமானம்? 2009 ஆகஸ்டில் அறிவித்த ஸ்லிம் மாடலில் அதர்ஓஎஸ் கிடையாது என்று சோனி சொன்னது. அதுவரையில் நியாயம்தான். புதுப் பெட்டியில் எதை வைப்பது என்பது விற்பவர் இஷ்டம்.

அடுத்து நடந்ததுதான் நியாயமில்லை. 17 வயதில் ஐபோனைத் திறந்து பெயர் வாங்கிய ஜார்ஜ் ஹாட்ஸ் 2010 ஜனவரியில் லினக்ஸிலிருந்தே ஹைப்பர்வைசரைத் தாக்கிக் காட்டினார். மெமரிக்குப் போகும் ஒரு தடத்தில் 40 நானோசெகண்ட் அளவுக்கு ஒரு மின்துடிப்பைக் கொடுத்து, எழுதவேண்டியதை எழுதவிடாமல் செய்தார். சாலிடரிங் தெரிந்தவர்களுக்கே எளிதில் கைவராத வித்தை அது. அதை வைத்து யாரும் திருட்டு கேம் ஓட்டவில்லை. ஆனால் பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, 2010 ஏப்ரல் 1 அன்று 3.21 என்ற ஃபர்ம்வேரை, அதாவது பெட்டியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, சோனி வெளியிட்டது. அது பழைய பெட்டிகளிலிருந்தும் லினக்ஸைப் பறித்தது. அப்டேட் செய்யாவிட்டால் ஆன்லைன் ஆட்டம் கிடையாது, புதிய கேம்களும் புதிய புளூரே படங்களும் ஓடாமல் போகலாம். காசு கொடுத்து வாங்கிய இரண்டு வசதிகளில் எதை இழக்கச் சம்மதம் என்று வாங்கியவரிடமே கேட்டார்கள்.

பெர்லின் மேடையில் எழுந்த குற்றச்சாட்டு இதுதான். கேம் பெட்டிகளை உடைக்கும் திறமை உள்ளவர்கள் பெரும்பாலும் ஹோம்ப்ரூக்காரர்கள், அதாவது சொந்தப் புரோகிராமையும் லினக்ஸையும் ஓட்ட விரும்புகிறவர்கள். கேமைக் காப்பியடிக்கிறவர்கள் அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள். பிளேஸ்டேஷன் 3 மூன்று வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது பூட்டின் பலத்தால் அல்ல, அதை உடைக்கத் தேவையே இல்லாததால். லினக்ஸை எடுத்தார்கள், ஒரே வருடத்தில் பூட்டு போயிற்று என்றார்கள்.

இதில் பெரும்பகுதி உண்மை. முழுவதும் என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் பெர்லினுக்கு நான்கு மாதம் முன்பே, 2010 ஆகஸ்டில், பிஎஸ்ஜெயில்பிரேக் என்ற யூஎஸ்பி குச்சி விற்பனைக்கு வந்துவிட்டது. குச்சியைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய கையோடு எஜெக்ட் பட்டனையும் அழுத்த வேண்டும். குச்சிக்குள் இருக்கும் சிப் தன்னை ஒரு யூஎஸ்பி ஹப் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, இல்லாத சாதனங்களைச் செருகுவது போலவும் பிடுங்குவது போலவும் வேகமாக நடிக்கும். அந்தக் குழப்பத்தில் மெமரி எல்லை மீறி எழுதப்படும். பிறகு டிஸ்கில் உள்ள கேமை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டலாம். இதைச் செய்தவர்கள் லினக்ஸ் போனதற்காக வருந்தியவர்கள் அல்ல, காசுக்காக வந்தவர்கள். ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் சோனி இதன் விற்பனைக்குத் தடை வாங்கியது. ஆனால் சில நாட்களிலேயே அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் வந்துவிட்டது. ஃபெயில்ஓவர்ஃப்ளோவைச் சேர்ந்த ஒருவர் அந்த ஓட்டை வழியாகவே லினக்ஸை மறுபடி உள்ளே கொண்டுவந்தார்.

இனி அந்தக் கணக்கு. சோனி வெளியிடும் ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். கையெழுத்திடும் ரகசியச் சாவி சோனியிடம் மட்டும் உண்டு. கையெழுத்தைச் சரிபார்க்க மட்டும் பெட்டிக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கையெழுத்திடும்போதும் எவராலும் ஊகிக்க முடியாத புது எண் ஒன்றை எடுத்து, கணக்கில் கலக்கவேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை விதி. சோனி ஒரே எண்ணையே திரும்பத் திரும்பப் போட்டது.

இதன் விளைவைப் பேப்பர், பேனா எடுத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். நிஜத்தில் இவை கிட்டத்தட்ட 50 இலக்க எண்கள், கணக்கும் வேறு வகை வகுத்தலில் நடக்கும். ஆனால் தர்க்கம் ஒன்றே. கையெழுத்தில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி அந்தப் புது எண்ணிலிருந்து பிறப்பது. இரண்டாம் பாதி வரும் விதம் இது: சாவியை முதல் பாதியால் பெருக்கி, செய்தியின் எண்ணைக் கூட்டி, புது எண்ணால் வகுக்கவேண்டும். சாவி 7, மாறாத எண் 4, முதல் பாதி 3 என்று வைத்துக்கொள்வோம். செய்தி 3 என்றால், 21-உம் 3-உம் சேர்ந்து 24, நான்கால் வகுத்தால் 6. செய்தி 11 என்றால், 32-ஐ நான்கால் வகுத்து 8.

வெளியே இருந்து பார்ப்பவருக்கு 7-உம் தெரியாது, 4-உம் தெரியாது. ஆனால் இரண்டு கையெழுத்துகளிலும் முதல் பாதி அச்சு அசலாக ஒன்றாக இருப்பது கண்ணில் படும். அது போதும். செய்திகளின் வித்தியாசம் 8, விடைகளின் வித்தியாசம் 2. எட்டை இரண்டால் வகுத்தால் 4, மறைந்திருந்த எண் கிடைத்துவிட்டது. 6-ஐ நான்கால் பெருக்கி, செய்தியான 3-ஐக் கழித்து, முதல் பாதியான 3-ஆல் வகுத்தால் 7. சோனியின் சாவி! பள்ளிக்கூட அல்ஜீப்ரா. எப்போதும் 4-ஐயே திருப்பித் தரும் ‘ரேண்டம்’ புரோகிராம் பற்றி எக்ஸ்கேசிடி என்ற இணையத் தொடரில் வந்த கேலிச்சித்திரத்தைக் குழுவினர் திரையில் காட்டியபோது அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது.

சாவி சோனியின் கையைவிட்டுப் போனால் பூட்டை மாற்றுவதும் லேசல்ல. ஏற்கெனவே விற்ற டிஸ்குகள் எல்லாம் பழைய கையெழுத்தோடு வீடுகளில் இருக்கின்றன. அவை ஓடியாக வேண்டும்.

குழுவினர் முறையைச் சொன்னார்கள், சாவிகளை வெளியிடவில்லை. ஜார்ஜ் ஹாட்ஸ் 2011 ஜனவரி 2 வாக்கில் மிக ஆழத்தில் இருந்த ஒரு சாவியைத் தன் தளத்தில் போட்டுவிட்டார். தான் தயாரித்த ஃபர்ம்வேரில் நகல் கேம் ஓடும் வழியை அவர் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. மற்றவர்கள் சில நாட்களில் சேர்த்துக்கொண்டார்கள். மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடியவர்கள் ஆன்லைனில் ஏமாற்றுக்காரர்களிடம் மாட்டித் தவித்தார்கள். அவர்களுக்கு நேர்ந்தது உண்மையான பாதிப்பு, அதை யாரும் லேசாகச் சொல்லக் கூடாது.

ஜனவரி 11 அன்று சோனி கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. ஹாட்ஸ் தன் கம்ப்யூட்டர் சாதனங்களை ஒப்படைக்கும்படி உத்தரவானது. அவருடைய தளத்தைப் பார்த்தவர்களின் ஐபி முகவரிகளைக் கேட்டுப்பெறவும் சோனிக்கு அனுமதி கிடைத்தது. வெறுமனே ஒரு பக்கத்தைப் படித்தவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இதற்கிடையே பிப்ரவரியில், சோனியின் விளம்பரக் கதாபாத்திரம் ஒன்றின் ட்விட்டர் கணக்கு, ஒருவர் அனுப்பிய அதே சாவியை இன்னதென்று தெரியாமல் எல்லோருக்கும் பகிர்ந்தது. ஏப்ரலில் சமரசம் அறிவிக்கப்பட்டது. சோனியின் பொருட்களை இனி உடைக்கமாட்டேன் என்று ஹாட்ஸ் ஒப்புக்கொண்டார்.

அதே மாதம் வேறு யாரோ பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் சர்வர்களுக்குள் புகுந்து 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்களை எடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சேவை நின்றது. அது தனிக் கதை, பெட்டியைத் திறந்தவர்களின் தலையில் அதைக் கட்டுவது தவறு.

லினக்ஸை இழந்தவர்கள் 2010இல் தொடுத்த வழக்கு தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 2018இல்தான் முடிந்தது. சோனி ஒதுக்கிய தொகை 37.5 லட்சம் டாலர். ஒருவருக்கு அதிகபட்சம் 65 டாலர்.

இன்று அந்தப் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது. கைவிடக்கூடிய பாகங்களில் ஒன்று புளூரே டிரைவ். அதன் சர்க்யூட் போர்டும் மதர்போர்டும் தொழிற்சாலையிலேயே ரகசியச் சாவியால் ஜோடி சேர்க்கப்பட்டவை. வேறு பெட்டியின் போர்டைக் கழற்றி மாட்டினால் கேம் டிஸ்க் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்குகள் அலமாரி நிறைய இருந்தாலும், அந்த போர்டு போய்விட்டால் அவற்றை ஆட இரண்டு வழிகள்தான். ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்த நகலிலிருந்து ஓட்டலாம், அல்லது புது போர்டை மதர்போர்டோடு மறுபடி ஜோடி சேர்க்கலாம். இரண்டுக்கும், உடைக்கப்பட்ட ஃபர்ம்வேர் வேண்டும்.