சிட்டையும் பேரேடும்

வியாபாரிகள் அன்றாட வரவு செலவை முதலில் சிட்டையில் கிறுக்கிக்கொள்வார்கள். பிறகு சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஜெர்மனியின் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராக இருந்த லிக்டன்பர்க் சிட்டையோடு நின்றுவிட்டவர்.

1742-ல் ஒரு பாதிரியாரின் 17-வது குழந்தையாகப் பிறந்தார். முதுகு கூனிய சிறிய உருவம். ஆனாலும் அவர் செய்துகாட்டும் சோதனைகளைக் காண மாணவர்கள் திரண்டார்கள். 1777-ல், பிசினை உருக்கி வார்த்த பெரிய தட்டு ஒன்றை இழைத்தபோது பறந்த தூசி அதன்மேலேயே படிந்தது. வேலைக்காரன் கண்ணில் பட்டிருந்தால் துடைத்திருப்பான். இவர் உற்றுப் பார்த்தார். மின்சாரம் தங்கிய இடங்களில் தூசி நட்சத்திரக் கோலமாக ஒட்டியிருந்தது! 1938-ல் அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த உலர் நகலுக்கும் இதுவே அடிப்படை: மின்னேற்றம் உள்ள இடத்தில் தூள் ஒட்டும்.

ஒரு நாவலும் ஒரு பௌதிக நூலும் எழுத நினைத்தார் லிக்டன்பர்க், இரண்டும் முடியவில்லை. 1765 முதல் 1799-ல் இறக்கும்வரை நோட்டுகளில் எழுதிய துண்டுக் குறிப்புகளே மிஞ்சின. இங்கிலீஷ் வியாபாரிகளின் சிட்டையை நினைத்தே அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தார்.

நாவல் எழுதிப் பிழைக்கும் எனக்கு, முடித்த புத்தகமே புத்தகம். ஆனால் பேரேட்டில் ஏறாத அந்தக் கணக்கைத்தான் உலகம் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கிறது. துடைத்தெறியாமல் வைத்த தூசிக்கும் அப்படி ஓர் ஆயுள் உண்டுபோலும்.