கொஸ்மாட்டிசெராஸ்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றங்கரையில் நிற்பவருக்கு நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிதான் நினைவில் முந்தும். ஆனால் மேற்கே அரியலூர் பக்கம் போனால், அதைவிட மூத்த கடலே கல்லாகிக் கிடக்கிறது.

அந்தக் கடலில் வாழ்ந்து அழிந்த மெல்லுடலிப் பேரினம் ஒன்றின் பெயர் கொஸ்மாட்டிசெராஸ். வாயில் நுழையாத பெயர்தான், பிரித்தால் எளிது. 'கொஸ்மாட்' என்பது 1890களில் தென்னிந்தியக் கிரெட்டேசியப் பாறைகளின் புதைபடிவங்களை ஆராய்ந்து எழுதிய ஆஸ்திரியர் பிரான்ஸ் கொஸ்மாட். 'கெராஸ்' கிரேக்கத்தில் கொம்பு; அதுவே 'செராஸ்' ஆயிற்று.

ஓடு ஏன் கொம்பானது? இது அம்மோனைட் வகை. எகிப்தியத் தெய்வம் அம்மோனுக்கு ஆட்டுக்கடாவின் சுருண்ட கொம்பு உண்டு. சுருள் ஓட்டைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

நத்தை என்று நினைத்துவிடக் கூடாது. நத்தை ஓட்டின் உள்ளே தடுப்பு கிடையாது. இதிலோ அறை அறையாகத் தடுப்புகள். அவற்றை ஊடுருவும் மெல்லிய குழாய் ஒன்று. விலங்கு குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். ஓட்டின் மேல் வரிவரியான மேடுகள், இடையிடையே சாய்வாக இறுக்கிக் கட்டியது போன்ற பள்ளங்கள்: கொஸ்மாட்டிசெராஸின் அடையாளம் அதுதான். உறவு கணவாயோடும் பேய்க்கணவாயோடும்.

இதன் மாதிரி இனத்தை, அதாவது பேரினத்துக்கு அளவுகோலாக நிற்கும் இனத்தை, திருச்சி வட்டாரக் கல்லிலிருந்து 1865இல் விவரித்தவர் ஸ்டோலிஸ்கா என்ற ஆய்வாளர். அதைத் தனிப் பேரினமாக்கியது 1901இல் குரோசூவ்ர் என்ற ஆய்வாளர்.

அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தன. நெய்வேலி நிலக்கரியான மரங்கள் அதற்குப் பிறகே முளைத்தவை.