நீலப்பச்சைப் பாசிகள்: ஊட்டமும் நச்சும்

நீலப்பச்சைப் பாசிகள் எனப்படும் சயனோபாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரிகள். ஒரு குளத்தில் இவை எந்த அளவுக்குப் பெருகும், எவ்வளவு நச்சை உண்டாக்கும் என்பவற்றைப் பெரிதும் தீர்மானிப்பவை நீரில் சேரும் பாஸ்பரசும் நைட்ரஜனுமே. வெப்பமும் தேங்கிய நீரும் அவற்றுக்குத் துணை.

இந்தியாவில் இவை முதலில் உழவரின் நண்பர்களாகவே ஆராயப்பட்டன. நெல்வயல்களில் காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்துவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு என்று பி. கே. தே 1939இல் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் பாசியியலுக்கு வலுவான மரபை உருவாக்கினார். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’ இன்றும் இனங்காண உதவும் பெருநூல். நச்சை ஆராய்வோருக்கும் இந்த வகைப்பாடு இன்றியமையாதது. அனபீனா போன்ற இழைப்பாசிகளில் ஹெட்டிரோசிஸ்ட் என்னும் தடித்த சுவருள்ள செல்கள் உண்டு. அவற்றில்தான் நைட்ரஜன் நிலைப்படுத்தப்படுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் என்னும் மற்றொரு நீலப்பச்சைப் பாசிக்கு அத்திறன் இல்லை. சாக்கடையும் உரமும் கொண்டுவரும் நைட்ரேட்டையும் அம்மோனியத்தையும் நம்பியே அது வாழ்கிறது.

1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 226ஆம் எண் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒருபுறம் மட்டும் பாஸ்பரசும் சேர்த்தனர். அந்தப் புறமே பச்சையாகிப் போனது. பெருக்கத்துக்குத் திறவுகோல் பாஸ்பரஸ். நச்சின் அளவையோ நைட்ரஜன் கூட்டுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் நச்சான மைக்ரோசிஸ்டின், ஏழு அமினோ அமிலங்களால் ஆன வளையம். அதன் எல்.ஆர். வகையில் 10 நைட்ரஜன் அணுக்களும், ஆர்.ஆர். வகையில் 13 அணுக்களும் உள்ளன. ஆகவே, நைட்ரஜன் மிகுந்த நீரில் மைக்ரோசிஸ்டிஸ் இச்சேர்மத்தைத் தாராளமாக உண்டாக்குகிறது. இரண்டு ஊட்டங்களையும் சேர்த்துக் குறைப்பதே சரியான வழி.

ஊட்டம் மிகுவதன் விளைவுக்கு இலங்கையின் கண்டி ஏரி அருகிலுள்ள சான்று. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வெட்டுவித்த இந்த ஏரியைச் சுற்றி நகரம் பெருகியது. கழிவுநீரும் வந்து சேர்ந்தது. 1999இல் மைக்ரோசிஸ்டிஸ் அங்கே பெரும்படலமாகத் திரண்டது.

குடிநீரில் மைக்ரோசிஸ்டின் எல்.ஆர். லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998இல் தற்காலிக வரம்பு வகுத்தது. காய்ச்சினாலும் இந்நச்சு அழியாது. செல்களைத் தாமிர சல்பேட் இட்டுக் கொல்வதும் ஆபத்து: 1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அணைநீரில் அப்படிச் செய்தபின், செல்கள் உடைந்து வெளியேறிய வேறொரு பாசி நச்சால் ஏறத்தாழ 150 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோயுற்றனர்.