மெட்ராஸ் நேரமும் சங்கிலிக் கடிகாரமும்

1891 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கிப்டன் என்ற சிற்றூர் நிலையத்தருகே எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் மோதின. தபால் ஊழியர்கள் உட்படப் பலர் மாண்டார்கள். பொறுப்பாளர் ஒருவரின் பாக்கெட் கடிகாரம் நான்கு நிமிடம் நின்றுபோய், பிறகு தானாகவே ஓடத் தொடங்கியதுதான் விபத்துக்குச் சொல்லப்பட்ட காரணம்.

கடிகாரங்களைச் சீர்படுத்த கிளீவ்லாந்து நகைக் கடைக்காரர் வெப் பால் அழைக்கப்பட்டார். அவர் வகுத்த விதிகள் கறாரானவை. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் முன்பின் போகக் கூடாது. கிடத்தினாலும் நிமிர்த்தினாலும், ஐந்து நிலைகளில் சரியாக ஓட வேண்டும். உராய்வைக் குறைக்கும் கற்கள் 17-க்குக் குறையக் கூடாது. முள்ளைத் திருப்புவதற்கே கண்ணாடி மூடியைக் கழற்றி உள்ளிருக்கும் சிறு நெம்பை இழுக்க வேண்டும். பைக்குள் கை பட்டு நேரம் மாறிவிடக் கூடாதல்லவா? எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

இத்தனை துல்லியமான கடிகாரங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்ததற்குக் காரணம், 1850-ல் மாசசூசெட்ஸில் ஆரன் டென்னிசன் தொடங்கிய முயற்சி. அதுவரை ஒரு கடிகாரத்தின் சக்கரம் இன்னொன்றில் பொருந்தாது. கைவினைஞர் அரம் கொண்டு ஒவ்வொன்றாக இழைத்துச் சேர்ப்பார். துப்பாக்கித் தொழிற்சாலையைப் போல எல்லா உதிரிகளையும் இயந்திரத்தில் ஒரே அளவாகச் செய்யலாம் என்றார் டென்னிசன். அவருடைய கம்பெனி 1857-ல் திவாலாகி ஏலத்துக்குப் போனது. ஆனால் வால்தம் ஊர்த் தொழிற்சாலை பிழைத்தது. உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் அதன் மலிவுக் கடிகாரங்களை விரும்பி வாங்கினார்கள். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அந்தத் துல்லியத்தைக் கண்ட சுவிஸ் நடுவர் ஃபாவ்ர்-பெரே, ஊர் திரும்பியதும் தன் நாட்டாரை எச்சரித்தார்.

ஆனால் எந்த நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது? அமெரிக்க ரயில் கம்பெனிகள் ஆளுக்கொரு நேரம் வைத்திருந்தன. 1883 நவம்பர் 18-ல்தான் வட்டார நேரங்களுக்கு ஒப்புக்கொண்டன. நம் நாட்டு ரயில்களோ 1870 வாக்கிலேயே ஒரே நேரத்துக்கு வந்துவிட்டன. அது மெட்ராஸ் நேரம்! பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இதை எழுதும் கே.கே. நகரிலிருந்து சில கிலோமீட்டரில், நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வுக் கூடம்தான் அதன் பிறப்பிடம். கூடத்தின் கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே கோல்டிங்காம் என்ற வானியலாளர் 1802-ல் கணித்தபடி, மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது. தந்திக் கம்பி வழியாக அந்த நேரம் ரயில் நிலையங்களுக்குப் போனது.

நேரத்தை நாம் கொடுத்தோம். கடிகாரம் வெளிநாட்டிலிருந்தே வந்தது. மவுண்ட் ரோட்டில் கட்டடக் கலைஞர் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் கடிகாரங்களை விற்றன. 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி.யின் கடிகார ஆலை வரும்வரை, பெரிய அளவில் கடிகாரம் செய்யும் தொழிற்சாலை நம்மிடம் இல்லை. நேரத்தைக் கணிக்கத் தெரிந்த நாட்டில் அதைக் காட்டும் கருவிக்கு முதல் போட யாரும் முன்வராதது காலனி ஆட்சியின் நேரடி விளைவு என்றே நான் கருதுகிறேன்.

1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் வந்தது. மெட்ராஸ் கடிகாரங்களை 8 நிமிடம் 46 விநாடி முன்னே திருப்பினால் போதுமாக இருந்தது. கல்கத்தாவும் பம்பாயும் பல்லாண்டுகள் அதை ஏற்க மறுத்தன. அந்தச் சண்டை அடுத்த வாரம்.