கடைத்தெருவின் மேலே ஒரு சிறு விமானம்: மூன்றாம் நபர் காப்பீடு வந்த வழி

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் காலத்தில் உருவானது. எழுத்தாளர் ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அதன் நெரிசல் பழக்கமானதுதான். பொழுதுபோக்குக்காக ஒருவர் பறக்கவிடும் ஒரு கிலோ மாதிரி விமானம் அந்த நெரிசலில் விழுந்து ஒருவர் மண்டை உடைந்தால் பழி யாருக்கு, பணம் யார் கையிலிருந்து? இவ்விரு கேள்விகளுக்கும் வேறு சில நாடுகளில் ஒரே இடத்திலிருந்து விடை வந்தது. இந்தியாவில் அவை பிரிந்தே வளர்ந்தன.

பிரிட்டனில் 1922 முதலும் அமெரிக்காவில் 1936 முதலும் மாதிரி விமானக்காரர்களின் தேசியச் சங்கங்கள் இருக்கின்றன. அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினர் சந்தாவோடு 25 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீடும் சேர்ந்து வருகிறது. தன் உறுப்பினர் எண்ணையோ பெயர், முகவரியையோ விமானத்தில் எழுதுவது அங்கே பழக்கம். பாதுகாப்பு விதிகளை வகுப்பதும் அதே சங்கம்தான். பொறுப்பும் காப்பீடும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: யாரும் கட்டாயப்படுத்தும் முன்பே பறக்கவிடுபவர்கள் தாங்களாக முன்வந்தார்கள்.

இந்தியாவில் 1934இன் வானூர்திச் சட்டம் மனிதர் ஏறும் விமானங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஏரோமாடலிங் எனும் மாதிரி விமானக் கலை என்.சி.சி. விமானப் பிரிவிலும் கல்லூரிகளிலும் அமைதியாக வளர்ந்தது. டிரோன்கள் பெருகிய பிறகே அரசு விழித்தது. 2014 அக்டோபரில் ஆளில்லா விமானங்களைத் தனியார் இயக்கத் தடை வந்தது. 2018இன் விதிகள் அதைத் தளர்த்தி, காப்பீட்டையும் கேட்டன. 2021 ஆகஸ்ட் 25இல் வெளியான டிரோன் விதிகள்தான் பெரிய திருப்பம். பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை என்றார்கள். ஆனால் 250 கிராமுக்கு மேற்பட்ட எதற்கும் மூன்றாம் நபர் காப்பீடு வேண்டும்.

அந்தக் காப்பீட்டை எங்கிருந்து எடுத்தார்கள்? 1988இன் மோட்டார் வாகனச் சட்டத்தை, தேவையான மாற்றங்களோடு, பொருத்தினார்கள். சாலைக் கடைத்தெரு வியாபாரி தன் ஸ்கூட்டருக்கு எடுக்கிற ‘தேர்ட் பார்ட்டி’யும், 1946இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் காப்பீட்டின் வாரிசும் இதுவே. அடிபட்டவர் கைவிடப்படக் கூடாது என்ற அதன் நோக்கம் நல்லது. ஆனால் லாரியை ஓட்டுபவருக்கு உரிமம் உண்டு. இரண்டு கிலோ வரையிலான விமானத்தை வணிக நோக்கமின்றிப் பறக்கவிடுபவருக்கு அது தேவையே இல்லை. பயிற்சியை உறுதிசெய்யும் சங்கமும் நடுவில் இல்லாதபோது, காப்பீடு வெறும் தாளாகிவிடும் என்பது என் கவலை.

சாலைக் கடைத்தெருவையே எடுத்துக்கொள்வோம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய ‘பச்சை மண்டலம்’ கிடையாது. கடைத்தெரு அந்த எல்லைக்குள் வருகிறது. அனுமதியின்றிப் பறக்கவிட்டால் பாலிசி நிபந்தனை மீறப்பட்டதாகக் காப்பீட்டு நிறுவனம் வாதிடும். மோட்டார் வழக்குகளில், ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்கும் வழி உறுதிப்பட்டது. அதே வழி மாதிரி விமானத்துக்கும் பொருந்துமானால், ரிமோட்டைப் பிடித்தவர் கடைசியில் தன் சொந்தப் பையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.