இதோமி மலையும் பைலோஸ் கரையும்: மெசீனிய மக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கிரேக்க வரலாறு என்றதும் அதென்ஸ், ஸ்பார்ட்டா என்னும் இரு நகரங்களே கற்போர் நினைவில் முதலில் எழுகின்றன. ஒன்று சிந்தனைக்கும் மற்றொன்று வீரத்துக்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகின்றது. ஆயினும், ஸ்பார்ட்டாவின் ஆடவர் ஏர் பிடியாது, வாணிபம் செய்யாது, வாழ்நாள் முழுவதும் போர்ப்பயிற்சியில் ஈடுபட எவ்வாறு இயன்றது என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. அவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதி ஸ்பார்ட்டாவில் அன்று, அதற்கு மேற்கே மலைத்தொடருக்கு அப்பாலுள்ள மெசீனியாவிலேயே கிடைக்கின்றது.

நிலமும் அதன் இயல்பும்

பெலொப்பொனீசுக் குடாநாட்டின் தென்மேற்கு மூலையில் அமைந்தது மெசீனியா. ஏறக்குறைய 2,400 மீற்றர் உயர்ந்து நிற்கும் தைகெற்றஸ் மலைத்தொடர் அதனை ஸ்பார்ட்டாவின் சமவெளியிலிருந்து பிரிக்கின்றது. இன்று ஸ்பார்ட்டாவிலிருந்து புறப்படும் பயணி, லங்காதாக் கணவாயின் வளைவுகளைக் கடந்து கலமாற்றாத் துறைமுகத்தை அடையலாம். மலையை விட்டு இறங்கியதும் ஒலிவ மரங்கள் செறிந்த அகன்ற சமவெளி கண்ணிற்படும். பமிசோஸ் ஆறு பாயும் அவ்வெளி கிரேக்க நாட்டின் வளமிக்க நிலங்களுள் ஒன்று. அவ்வளமே அந்நிலத்து மக்களின் துயருக்குக் காரணமாயிற்று எனலாம்.

களிமண் ஏடுகளில் ஒரு சமுதாயம்

மேற்குக் கரையில் பைலோஸ் நகருக்கு வடக்கே உள்ள குன்றொன்றில், 1939ஆம் ஆண்டு அமெரிக்கத் தொல்லியலறிஞர் கார்ல் பிளேகன், கிரேக்க அறிஞர் குரூனியோற்றிசின் ஒத்துழைப்புடன் அகழ்வைத் தொடங்கினார். நெஸ்ற்றரின் அரண்மனை என இன்று வழங்கும் மாளிகையும், நேர்வரி 'பி' என்னும் எழுத்துமுறையிற் பொறிக்கப்பட்ட களிமண் ஏடுகளும் அங்கு வெளிப்பட்டன. கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்தில் அரண்மனையை அழித்த தீயே அவ்வேடுகளைச் சுட்டு இறுக்கி, அழியாது காத்தது. 1952இல் மைக்கேல் வென்றிஸ் அவ்வெழுத்தின் மொழி கிரேக்கமே எனக் கண்டறிந்தபோது, கிரேக்க மொழியின் எழுத்துச் சான்று பல நூற்றாண்டுகள் பின்னோக்கி நீண்டது.

அவ்வேடுகளிற் காவியமோ அரசர் புகழோ இல்லை. இருப்பவை கணக்குகளே. கரையைக் காவல் செய்தோர், துடுப்பு வலித்தோர், வெண்கலக் கொல்லர், நூல் நூற்ற பெண்கள், அவர்தம் பிள்ளைகள், அவர்களுக்கு அளந்த தானியம் ஆகிய விபரங்கள் அவற்றில் உள்ளன. அப்பெண்களுட் சிலர் ஏஜியன் கடலின் மறுகரையைச் சார்ந்த ஊர்களின் பெயரால் அழைக்கப்படுவதை நோக்குமிடத்து, அவர்கள் தொலைவிலிருந்து கொணரப்பட்டவர்கள் எனக் கருத இடமுண்டு. உழைத்தோர், உழைப்பைப் பெற்றோரின் கணக்கேட்டின் வாயிலாக மாத்திரமே வரலாற்றில் இடம்பெறும் நிலையை மெசீனியாவின் முதல் எழுத்துச் சான்றிலேயே காண்கின்றோம். இந்நிலை பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்தது.

அடிமைத்தளை

கி.மு. எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகளில் ஸ்பார்ட்டா மலை கடந்து வந்து மெசீனியாவைக் கைப்பற்றியது. முதற்போர் இருபது ஆண்டுகள் நீடித்ததையும், தோற்றவர்கள் தம் விளைச்சலிற் பாதியை வென்றோருக்கு அளக்க நேர்ந்ததையும் ஸ்பார்ட்டாவின் புலவர் திர்தேயஸ் வாயிலாக அறிகின்றோம். இவ்வாறு நிலத்தோடு பிணிக்கப்பட்டவர்கள் ஹெலொற்றுகள் எனப்பட்டனர். ஸ்பார்ட்டாவின் ஆட்சியாளர் ஆண்டுதோறும் ஹெலொற்றுகள்மீது முறைப்படி போர்ப் பிரகடனம் செய்தனர் என அரிஸ்ரோட்டில் கூறியதாகப் புளூட்டாக் எழுதியுள்ளார். அவ்வாறு செய்தால் அவர்களைக் கொல்வது பாவமாகாது என்பதே காரணம். போரில் மிகச் சிறந்த தொண்டாற்றியோருக்கு விடுதலை தருவதாக அறிவித்து, இரண்டாயிரம் பேரைத் தெரிந்து, மாலை சூட்டிக் கோயில்களைச் சுற்றிவரச் செய்தபின், எவரும் அறியாவகையில் அவர்கள் ஒழிக்கப்பட்டதாகத் துசிடைடீஸ் கூறுகின்றார். இச்செய்தியை ஐயுறும் இக்கால அறிஞரும் உளர். எனினும், ஸ்பார்ட்டாவைப் பற்றி இத்தகைய செய்தி நம்பத்தக்கதாகக் கொள்ளப்பட்டமையே அக்காலச் சூழ்நிலையைப் புலப்படுத்தப் போதுமானது.

கி.மு. 464ஐ ஒட்டி நிகழ்ந்த பெருநிலநடுக்கம் ஸ்பார்ட்டாவை நிலைகுலையச் செய்தபோது ஹெலொற்றுகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் அரண் செய்துகொண்ட இடம் மெசீனியச் சமவெளியின் நடுவே ஏறத்தாழ 800 மீற்றர் உயர்ந்து நிற்கும் இதோமி மலை. ஆண்டுகள் பல கடந்தும் ஸ்பார்ட்டாவால் அம்மலையைக் கைப்பற்ற இயலவில்லை. இறுதியில், கிளர்ந்தோர் பெலொப்பொனீசை விட்டு வெளியேற உடன்பாடு செய்யப்பட்டது. மீண்டும் அங்கு காலடி வைப்பவன் தன்னைப் பிடித்தவனுக்கு அடிமையாவான் என்பது அதன் நிபந்தனை. வெளியேறியோரை அதென்ஸ் கொரிந்துக் குடாவின் கரையிலுள்ள நவ்பாக்தோஸ் நகரிற் குடியேற்றியது.

பெயர் எழுதப்படாத எதிரி

கி.மு. 425இல் அதென்சின் படை பைலோசில் அரண் அமைத்தபோது, அதற்கு எதிரேயுள்ள ஸ்பக்தீரியாத் தீவிற் சிக்கிய ஸ்பார்ட்டாப் படையை வெல்வதற்கு நவ்பாக்தோசிலிருந்து வந்த மெசீனியர் துணைநின்றனர். செங்குத்தான பாறை வழியே பகைவரின் பின்புறத்தை அடையும் பாதையைக் கண்டவர் மெசீனியப் படைத்தலைவரே. அன்று 292 பேர் உயிருடன் சரணடைந்தமை கிரேக்க உலகையே திகைக்கவைத்தது. ஸ்பார்ட்டர் சரணடையார் என்ற நம்பிக்கை, அவர்களின் அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்கள் காட்டிய பாதையிலேயே தகர்ந்தது.

ஒலிம்பியாவில் மெசீனியரும் நவ்பாக்தியரும் நிறுவிய வெற்றித் தேவதையின் சிலையை 1875இல் ஜேர்மன் அகழ்வாளர் கண்டெடுத்தனர். பையோனியஸ் என்னும் சிற்பி வடித்த அச்சிலையின் பீடத்திலுள்ள சாசனம், பகைவரிடமிருந்து பெற்றதிற் பத்திலொரு பங்கு எனக் குறிக்கின்றதேயன்றி, அப்பகைவர் யாவர் எனக் கூறவில்லை. ஸ்பார்ட்டாவுக்கு அஞ்சியே பெயரை விட்டதாக மெசீனியர் தம்மிடம் கூறினர் எனக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கு பயணம் செய்த பௌசேனியஸ் எழுதுகின்றார். எனினும், அச்சாசனத்தில் பகைவரின் பெயர் இல்லாவிடினும் மெசீனியர் என்ற தம் பெயரை அவர்கள் பொறிக்கத் தவறவில்லை என்பது ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

மெசீனியர் பேசிய கிளைமொழி ஸ்பார்ட்டர் பேசியதை ஒத்தது என்றும், அதனாலேயே அவர்கள் ஸ்பார்ட்டாவின் நிலத்துட் புகுந்து பெருந்தீங்கு செய்ய முடிந்தது என்றும் துசிடைடீஸ் கூறுகின்றார். எனவே, இவ்விரு மக்களையும் பிரித்தது மொழியன்று. தளையின் அனுபவமும், இதோமி என்ற இடத்தின் நினைவுமே அவர்களை வேறொரு மக்களாக்கின எனலாம்.

விடுதலையும் அதன் எல்லையும்

கி.மு. 371இல் லியூக்திராப் போரில் ஸ்பார்ட்டாவை வென்ற தீப்ஸ் நாட்டுத் தலைவர் எபமினொண்டாஸ், 369இல் இதோமி மலையடிவாரத்தில் மெசீனி நகரை நிறுவச் செய்தார். சிசிலியிலும் ஆபிரிக்காவின் லிபியாவிலும் சிதறிக் கிடந்தோர் திரும்பி வந்தனர். ஒன்பது கிலோமீற்றர் நீண்டிருந்த அந்நகர மதிலின் பகுதிகளும், வட்ட வடிவ முற்றத்தைக் கொண்ட ஆர்க்கேடிய வாயிலும் இன்றும் நிலைத்துள்ளன. மீண்டும் அடிமைப்படலாகாது என்ற உறுதியை அக்கற்களிற் காணலாம். இவ்விடுதலையை ஒட்டியே, இயற்கை எவரையும் அடிமையாகப் படைக்கவில்லை என்ற கருத்தை அல்கிடாமஸ் என்னும் பேச்சாளர் வெளியிட்டார். தம் அடிமைகளாயிருந்தோர் அயலவராவதைப் பொறுக்கவியலாத ஸ்பார்ட்டரின் மனநிலையை ஐசோக்கிறற்றீஸ் எழுதிய உரையொன்று காட்டுகின்றது.

மெசீனியரின் பழங்கால வீரர் அரிஸ்தோமெனீஸ் பற்றிப் பௌசேனியஸ் தரும் கதைகள் விடுதலைக்குப் பின்னர் எழுதிய ஆசிரியர்களையே ஆதாரமாகக் கொண்டவை. ஆகவே, மெசீனியரின் தொல்வரலாறு விடுதலைக்குப் பின் புனையப்பட்டதே என வாதிடுவோர் உளர். புனைவு கலந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதோமிக் கிளர்ச்சியும் ஒலிம்பியாச் சாசனமும் விடுதலைக்கு முற்பட்டவை. ஆதலின், வீரர் கதை பிந்தியதாயினும் மெசீனியர் என்ற உணர்வு முந்தியதே என முடிவு செய்தல் தகும்.

விடுதலை பெற்றோரின் வரலாற்றையும் ஒருபக்கச் சார்பின்றி நோக்குதல் வேண்டும். மெசீனியாவின் அந்தானியா என்னுமிடத்து வழிபாட்டு விதிகளைக் கூறும் நீண்ட சாசனமொன்று, கி.மு. முதலாம் நூற்றாண்டையோ கி.பி. முதலாம் நூற்றாண்டின் முற்பகுதியையோ சார்ந்தது. அதிலே தவறிழைத்த சுதந்திர மனிதனுக்கு அபராதமும் அடிமைக்குக் கசையடியும் விதிக்கப்படுகின்றன. ஓடிவந்த அடிமைகளுக்குக் கோயிலில் அடைக்கலம் அளிக்கவும் அதில் இடமுண்டு. அடிமைகளாயிருந்தோரின் வழிவந்தோர் தாமும் அடிமைகளை வைத்திருந்தனர் என்பது இதனாற் புலனாகின்றது. தம் விடுதலையைப் போற்றியவர்கள், விடுதலை எல்லோர்க்கும் உரியது என்ற கொள்கைக்கு வந்தாரல்லர்.

கோட்டைகளும் கடற்போரும்

பிற்காலத்தில் இக்கரை பேரரசுகளின் வழித்தடமாயிற்று. மெதோனி, கொறோனி என்னும் துறைகள் 'வெனிசின் இரு கண்கள்' எனப்பட்டன. 1500இல் அவை துருக்கியர் வசமாயின. 1821 மார்ச் மாதம் கலமாற்றா விடுவிக்கப்பட்டது. 1827 ஒக்ரோபர் 20ஆந் திகதி, பைலோசுக்கு எதிரே நவரினோ விரிகுடாவில், பிரித்தானியா, பிரான்சு, ருஷ்யா ஆகியவற்றின் கப்பல்கள் துருக்கிய-எகிப்தியக் கடற்படையை அழித்தமை கிரேக்க விடுதலைக்கு வழிகோலியது. ஸ்பக்தீரியாவின் பாறைகளுக்கு அருகிலேயே இதுவும் நிகழ்ந்தது.

மலையையும் கடலையும் காண வரும் பயணிக்கு மெசீனியா அழகிய பிரதேசமாகத் தோன்றும். வரலாறு பயில்வோனுக்கோ அது ஒரு பாடம். அரண்மனையின் கணக்கன், ஸ்பார்ட்டாவின் புலவன், அதென்சின் வரலாற்றாசிரியன் ஆகியோரே இம்மக்களைப் பற்றி எழுதினர். அவ்வெழுத்துக்களின் இடைவெளிகளிலே, பெயர் விடுபட்ட சாசனங்களிலே, மதிற்சுவர்களின் கனத்திலே அம்மக்களின் குரலைத் தேடுவது வரலாற்று மாணவரின் கடனாகும்.